கம்பெனி வாசலோடு நின்ற கோடு

இந்த நாட்டில் ஓடுகிற கார்களில் பாதிக்கு விளக்கு எரிவதும் ஹாரன் அடிப்பதும் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கிரேஸின் தயவால்தான் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி என்பது கொஞ்சம் கூடுதல். பத்தில் ஒரு பங்கு என்று இறங்கி வந்தாலும் கூடுதல்தான். ஒரகடம் பக்கத்தில் காருக்கு ஒயர்க்கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். அந்தக் கட்டு எந்தெந்த வண்டிக்குள் போகிறது என்பது அவளுக்கே முழுசாகத் தெரியாது. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை முதலாளிகளைப் பற்றிப் பெருமை பேச ஊரே இருக்கிறது. கிரேஸைப் பற்றிப் பேச நான் ஒருத்திதான். அதனால் அளவைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன்.

கிரேஸ் ஓரிக்கைப் பெண். அப்பா பெயர் சின்னப்பையன், ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டியவர், பிறகு செங்கல் லாரியில் ஏறியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இவள் விழித்துக்கொண்டு நின்றபோது, "கம்பெனில ஆள் எடுக்கிறாங்களாம், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் சங்கரி. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் நமச்சிவாயத்தின் ஒரே மகள். இரண்டு பேரும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஒரே பெஞ்சு. ஒருத்தி தாளில் தப்பு இருந்தால் மற்றவள் தாளைத் திருத்தவே வேண்டாம், அதே வரியில் அதே தப்பு இருக்கும்.

கம்பெனியிலும் முதலில் ஒயர் கட்டுகிற ஒரே லைனில்தான் நின்றார்கள். இழையோடு வளர்ந்த விரல்கள் சங்கரிக்கு. நிறம் நிறமான ஒயர்களை அவள் பிரித்துக் கட்டுகிற வேகத்தைப் பார்த்துத்தான் கிரேஸ் வேலை பழகினாள். அப்புறம் கிரேஸ் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படித்தாள், சூப்பர்வைசர் ஆனாள். சங்கரி லைனிலேயே இருந்தாள். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "நீ எம்.டி. ஆயிட்டா பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்டு எழுதிக் குடுத்துடணும், அவ்ளோதான்" என்பாள்.

சங்கரிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அவள் அம்மா இறந்த பிறகு அப்பாவும் அவளும்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கு மாதா மாதம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மருந்து, அது அவள் வேலையால் வருவது. அதே சமயம் தறியும் அவளை விடவில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபக்கக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அம்மா இருந்தாள். இப்போது அது சங்கரியின் இடம். ஷிப்டுக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். வேலை நெருக்கும்போது இரண்டு மூன்று நாள் காய்ச்சல் என்று சொல்லிக் கம்பெனிக்கு மட்டம் போடுவாள்.

கம்பெனியின் தலைவலியே இந்த மட்டம்தான். சில மாதங்களில் லைனில் ஆள் குறைந்துவிடும். ஆடியில் குறைந்தால் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டார்கள் என்பார்கள். மார்கழியில் குறைந்தால் பனி என்பார்கள். யாரைத் திட்டினாலும், யார் சம்பளத்தைப் பிடித்தாலும் அடுத்த வருஷம் அதே கதை. கடைசியில் கிரேஸை ஒரு படிப்புக்கு அனுப்பினார்கள். சிஸ்டம்ஸ் திங்கிங் என்று பெயர். சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரையில் வகுப்பு. புனேயிலிருந்து ஒரு வாத்தியார். ஒரு கோளாறு வந்தால் கைக்கு அகப்பட்ட ஆளைப் பிடித்து உலுக்காமல், அந்தக் கோளாறு எது எதோடு பின்னிக்கொண்டு திரும்பத் திரும்பப் பிறக்கிறது என்று பார்க்கிற படிப்பு. எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி, இது அதைக் கூட்டும், அது இதைக் குறைக்கும் என்று அம்புக்குறி போட வேண்டும். அம்பு சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் அது ஒரு வட்டம்.

கிரேஸுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மாடிச் சுவர் முழுக்க அம்பு. எங்கள் வீட்டுப் பல்லி வழி தெரியாமல் மூன்று நாள் ஒரே இடத்தில் சுற்றியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றவளுக்கு இப்போது நான் ஆயா, அதாவது பாட்டி. ஒரு நாள் என் தட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஆயா, நீங்க ஊறுகா துன்றீங்க. தாகம் எடுக்குது. தண்ணியா குடிக்கிறீங்க. ராத்திரி எழுந்து எழுந்து போறீங்க. தூக்கம் கெட்டுக் காலையில நாக்கு கசக்குது. கசக்குதேன்னு மறுபடியும் ஊறுகா. பாத்தீங்களா, வட்டம்!"

"இந்த வட்டத்தை எங்கேம்மா உடைக்கணும்?"

"ஊறுகா ஜாடில."

"அப்படின்னா வட்டம் நல்லா இருந்துட்டுப் போவட்டும்."

சிரித்தாள். ஆனால் விளையாட்டாகப் படிக்கவில்லை அவள். சின்னப்பையன் மகள் அந்த இங்கிலீஷ் பாடத்தை வரி வரியாகத் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்து, மறுபடி இங்கிலீஷில் எழுதினாள். மாடியில் அவள் நடக்கிற சத்தம் எனக்குக் கீழே கேட்கும்.

படிப்பு முடியும்போது சொந்த வேலையில் ஒரு பிரச்சினையை எடுத்துப் படம் போட்டுக் காட்ட வேண்டும். கிரேஸ் மட்டம் போடுவதைத்தான் எடுத்தாள். ஆள் வராவிட்டால் வந்தவர்கள்மேல் சுமை. சுமை ஏறினால் ஓவர்டைம். ஓவர்டைம் ஏறினால் உடம்பு அசதி. அசதியால் மறுபடி மட்டம். அழகான வட்டம். ஓரத்தில் ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்று ஒரு சின்னக் கட்டம் தனியாக நின்றது. வகுப்பில் அன்றைக்குக் கம்பெனி மேனேஜர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் படத்தைப் பாராட்டிவிட்டு, "கம்பெனி வாசலோடு கோடு போட்டு நிறுத்திவிட்டீர்களே, வெளியிலிருந்து உள்ளே வருகிற அம்பு ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டாராம். "வெளியே இருப்பது நம் கையில் இல்லை சார்" என்றாளாம் கிரேஸ். அடுத்த ஆளின் முறை வந்துவிட்டது.

வட்டத்தை உடைக்க அவள் சொன்ன வழி இது. பஸ்ஸில் கூட வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டம் தானாகக் குறையும். அதனால் எந்த ஊர் பஸ்ஸில் மாதம் முழுக்க ஒருவரும் விடுபடாமல் வருகிறார்களோ, அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் ஹாட்பாக்ஸ் செட் பரிசு. ஆவணியில் தொடங்கினார்கள். அந்த மாதமே லைன் நிரம்பியது. கிரேஸுக்குச் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவைத் தெருவில் காட்டாத வீடு இல்லை, நான்தான் காட்டினேன்.

பிள்ளையார்பாளையம் பஸ் மட்டும் ஹாட்பாக்ஸ் வாங்கவே இல்லை. மாதா மாதம் யாராவது ஒருத்தி தவறுவாள். கார்த்திகையில் சங்கரியால் தவறியது. மார்கழி வந்தது. நமச்சிவாயம் ஒரு முகூர்த்தச் சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடு. சங்கரி இரண்டு நாள் போகாமல் தறியில் உட்கார்ந்தால் தீர்ந்தது. அன்றைக்கு விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறா அத்தனையும் எழுந்து பறந்தது என்று சொல்வேன்; தூரம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கக் கூடாது. திரிஷா என்கிற, புதுசாகக் கல்யாணமான சின்னப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் இறங்கி வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"அக்கா, மாசம் பூரா எல்லாரும் வந்துக்கினு இருக்கிறோம். இன்னும் கொஞ்ச நாளுக்கா."

"எங்கப்பா ஒண்டியா இருக்கிறாருடி. கோர்வைச் சேலை. நாடா தள்ள ஆளில்ல."

"போன மாசமும் உன்னாலதான் போச்சு. எங்க மாமியா கேக்குது, இன்னாடி, உங்க பஸ்ஸுக்கு மட்டும் ஹாட்பாக்ஸே கெடையாதான்னு."

"ஆமா, அவ மாமியா அதுல தோசை வெச்சுத் துன்ன ஏங்கிக்கினு கீது" என்று பின்னாலிருந்து ஒருத்தி. சிரிப்பு. சிரிப்பில்தான் சங்கரியால் மறுக்க முடியாமல் போயிருக்க வேண்டும். நமச்சிவாயம் உள்ளேயிருந்து, "போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தானே எட்டி எட்டி, எழுந்து எழுந்து உட்கார்ந்து, இரண்டு நாளில் நெய்து முடித்தார். கரையும் உடலும் சேருகிற இடம் நெடுக விட்டுப் போயிருந்தது. கடையில் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்கள். "இதைக் கட்டிக்கினு பொண்ணு மணையில உக்கார முடியாது பெரியவரே" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள். வாழ்நாளில் அவர் சேலை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்கவே இல்லை. படுத்துவிட்டார்.

சங்கரி நீண்ட விடுப்பு எடுத்தாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், பிறகு அவரோடு உட்கார்ந்து வேறு சேலை நெய்து கொடுத்தாள். மார்கழிப் பரிசும் போயிற்று, தைப் பரிசும் போயிற்று. அவள் திரும்பி வேலைக்கு வந்தபோது ஜன்னல் சீட்டில் வேறு யாரோ. பக்கத்தில் உட்கார இடம் இருந்தும் எல்லாரும் பையை வைத்திருந்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரி மாடிக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. படியில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"வேலைய வுட்டு நின்னுடறேன் கிரேஸு."

"இன்னாடி திடீர்னு? என்கிட்ட சொல்லியிருந்தா லீவு போட்டுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நீ குடுப்ப. பஸ்ஸு குடுக்காது."

தம்ளரில் காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு கிரேஸ், "காரணம் இன்னான்னு போடறது?" என்றாள்.

"தனிப்பட்ட காரணம்னு போட்டுக்கோ. நீங்கதான் அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கிறீங்களே."

காப்பி குடித்துவிட்டுத் தம்ளரை எப்போதும் அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறவள், அன்றைக்குக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கிரேஸ் கீழே வந்து என் சமையலறைக் காலண்டரைக் கழற்றி முகூர்த்த நாட்களைப் புரட்டினாள். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் நெய்கிறார்கள். தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் நெய்கிறார்கள். தறி நெருக்கும்போது லைன் காலி. தறி ஓய்ந்தால் லைன் நிரம்பும். ஆவணியில் ஆள் ஏறியது ஹாட்பாக்ஸால் இல்லை. "எனக்குச் சால்வை போட்டது எதுக்கு ஆயா?" என்று கேட்டாள். தெருவெல்லாம் காட்டிய அந்தப் போட்டோவை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். 

அதன் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பஸ் பரிசை நிறுத்தச் செய்தாள். முந்தின நாள் சொல்லிவிட்டு யாரும் யாரோடும் ஷிப்டு மாற்றிக்கொள்ளலாம், ஏன் என்று கேட்கக் கூடாது என்று போராடி வாங்கினாள். அடுத்த ஆடியில் லைன் நிற்காமல் ஓடியது. அந்தப் படிப்பு பொய்யில்லை. படித்தவள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியபோது ஒழுங்காகவே வேலை செய்தது. சங்கரிக்குத்தான் பயன்படவில்லை. அவள் இடத்துக்குப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். சங்கரி வயதில் இனிப் புதிதாக எடுப்பதில்லை என்றார்கள். கிரேஸ் மூன்று மேனேஜர்களின் மேஜைக்கு நடையாய் நடந்தும் பலிக்கவில்லை.

சங்கரி இப்போது முழு நேரமும் தறியில்தான். நன்றாக நெய்கிறாள். ஈ.எஸ்.ஐ. போய்விட்டதால் மருந்துக்கு கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் தெருமுனையைக் கடக்கும்போது அவள் நாடா ஒரு நொடி தாமதிக்கும் என்று நமச்சிவாயம் என்னிடம் சொன்னார். கிரேஸும் அவளும் கடைத்தெருவில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டதாகவே சொல்கிறார்கள்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. எத்தனை நாள் அந்தத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரியோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பாள் இந்தப் பெண்! உலகத்தில் உள்ளதற்கெல்லாம் அம்புக்குறி போட்டவள், படம் போட உட்கார்ந்தபோது அந்தத் தறியை எப்படியோ மறந்துவிட்டாள்.

இதுவரை எழுதியதைக் கிரேஸை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பல்லிக்குச் சிரித்தாள். இந்தக் கடைசி வரியில் கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்கல ஆயா."

"பின்னே?"

"மொதல்ல போட்ட படத்துல தறி இருந்துச்சு. வாசலுக்கு வெளியே கட்டம் போட்டு அம்புகூட இழுத்துட்டேன். அன்னிக்கு மேனேஜருங்க வேற கிளாஸுக்கு வராங்கன்னாங்க. இதைப் பாத்தா தறி வூட்டுப் பொண்ணுங்களே வேணாம்னுடுவாங்க, மொத ஆளா சங்கரிதான் போவான்னு பயந்துட்டேன். அவளுக்காகத்தான் அழிச்சேன். ரெண்டு நாள் மட்டம்தானே, எப்படியாவது சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன்."

"இதை அவகிட்ட சொன்னியாம்மா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"நீங்க மறந்துட்டான்னு மட்டும் எழுதாதீங்க ஆயா. தெரிஞ்சுதான் செஞ்சான்னு எழுதுங்க."