துண்டுக்குள் ஐந்து விரல்

மதுரைப் பத்திரிகையில் வாராவாரம் சதுரங்கப் பகுதி எழுதிய எங்கள் போடிக்காரர் சோணை, பிழைப்புக்கு மாமன் ஜக்கையனின் ஏலக்காய்க் கடையில் தரகு பார்த்தார். எழுபத்தாறாம் வருசம் அந்தப் பத்திரிகை அவரை மதுரைக்கே வேலைக்கு அழைத்தது. சொல்லிக்கொள்ளப் போனவரின் கையை மாமன் பிடித்து, விலை பேசுவதுபோல் மேலே துண்டைப் போட்டு, ஐந்து விரலையும் அழுத்தினார்.

"அஞ்சு வருசம் கடையப் பாரு மாப்ளே. அப்புறம் போ."

பாழாய்ப்போன தரகுப் பழக்கத்தில் சோணையும் சம்மதமென்று பதிலுக்கு அழுத்திவிட்டார். துண்டுக்குள் முடிந்த பேச்சை எங்கள் கடைத்தெருவில் யாரும் மாற்றுவதில்லை.

"உதறிட்டுப் போங்கண்ணே!" என்று கடைப்பையனான நான் கத்தினேன்.

"தொட்ட காயை ஆடித்தான் ஆகணும்னு ஊருக்கெல்லாம் எழுதுறவனே நான்தானப்பா" என்றார்.

எண்பத்தொன்றில் கெடு முடிந்தது. இன்னும் இருக்கச் சொல்லி மாமன் கேட்கவில்லை. சோணையே தன் தோள்துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு, மாமன் முன்னால் நீட்டினார்.