எங்க போறீங்க என்று யாரும் கேட்காத நாள்

மாடியில் இருக்கும் இரண்டு ரூமையும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடலாம் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், பார்த்த கையோடு தங்குவதற்குத் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ போய்விடுகிறார்கள், கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் நாம் இருக்கிறோம், நம் வீட்டில் தங்கினால் குறைந்தா போய்விடுவார்கள் என்பது என் வாதம். மகள் படிப்பை முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து மாடி காலியாகக் கிடந்தது. நானும் அப்படித்தான் கிடந்தேன். பேச ஆளில்லாமல் மிக்ஸியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். பொங்கல் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் ஒரே ஒரு வம்பு வந்தாலும் ரூம்களை சிமெண்ட் கம்பெனி ஆட்களுக்கு மாச வாடகைக்கு விட்டுவிடுவது. அரியலூர்ப் பக்கம் மாடி கட்டியவர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கமான முடிவு. கம்பெனி ஆள் ஒருவர் முன்னாலேயே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் போட்டோ எடுத்து நெட்டில் போட்டாள். மார்கழி பிறந்ததும் முதல் ஆள் வந்தார். இத்தாலி நாட்டுக்காரர், அறுபது வயது இருக்கும், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்தார். திருச்சியில் விமானம் இறங்கி, பெரம்பலூரில் யாரோ சிநேகிதியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். நான் கேசரி கிண்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். வந்தவர் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

காபியோடு போய்க் கதவைத் தட்டினேன். கொஞ்சமாகத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் அரியலூரில் காலேஜ் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். தான் தனியாக வந்திருக்கிறாரா என்பதை ஏன் எல்லாரும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்ததாம். பக்கத்து சீட்டு அம்மா எங்கே போறீங்க என்றாராம். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கேட்டார் சரி, கொடுத்த பிறகும் நின்று வீட்டுக்காரர் வரலையா என்று கேட்டாராம். ஆட்டோக்காரர் எத்தனை நாள் தங்குவீர்கள் என்றாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி வழிமறித்து, கையால் ஜாடை காட்டியே அத்தனை கேள்வியும் கேட்டு, கையில் ஏதோ பலகாரத்தையும் திணித்துவிட்டாராம். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினார். அதிரசம்.

அந்தப் பெண்மணி யாரென்று எனக்கு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டிலிருக்கும் என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் தெருவில் ஒரு பூனை புதிதாக வந்தால்கூட அது எந்த வீட்டுப் பூனை, எதற்கு வந்தது என்று கேட்காமல் அவரால் உள்ளே போக முடியாது.

இத்தாலி அம்மா செல்போனைக் காட்டினார். வெளிநாடு போகிறவர்களுக்காக அவர்கள் அரசாங்கம் நெட்டில் எழுதிப் போட்டிருக்கும் புத்திமதி. போனே அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. எங்கே போகிறீர்கள் என்று தெரியாதவர்களிடம் சொல்லாதீர்கள். தனியாக வந்திருப்பதைக் காட்டிக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள். அவர்கள் கைகாட்டும் வண்டியில் ஏறாதீர்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் ஏறியது. இதெல்லாம் எங்கள் ஊரில் மரியாதை. இதைச் செய்யாமல் விட்டால்தான் ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் இளம் வயதாக இருந்தபோது சிநேகிதர்கள் தோளில் ஒரு பையோடு இந்தியாவுக்குக் கிளம்பிப் போவார்களாம், பார்க்கிறவர்கள் பொறாமைப்படுவார்களாம். இப்போது இந்தியா போகிறேன் என்றதும் எல்லாரும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்களாம், பத்திரமா என்று. செய்தியில் வருவதெல்லாம் அப்படி இருக்கிறது என்றார். ஊரில் மகள் ரொம்பவே பயந்திருக்கிறாள், ஏதாவது சரியில்லை என்று பட்டால் மறுநாளே கிளம்பி வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். எனக்குக் கண்முன்னால் குழாயைத் திறந்து பார்த்த சிமெண்ட் கம்பெனி ஆள் வந்து நின்றார்.

எவன் எழுதினான் இதை என்று கொதித்துக்கொண்டே கீழே இறங்கும்போது என் மகள் போன் செய்தாள். ஆபீஸ் வேலையாகத் தனியாக வெளியூர் போகிறாளாம். "யாரு கேட்டாலும் எங்க போறன்னு சொல்லாத. எவ குடுத்தாலும் வாங்கித் திங்காத. தனியா இருக்கன்னு காட்டிக்காத" என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நாக்கு நின்றுவிட்டது. அந்த அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தானோ என்று தோன்றியது. மகளுக்குச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பயப்பட வேண்டிய செய்திகளை நாமும்தான் பார்க்கிறோம். ஆனாலும் எங்கள் தெருவை அந்தக் கணக்கில் சேர்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் நான் செய்த காரியம்தான் காரியம். அன்று சாயங்காலமே தெருவில் இறங்கி, டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம் என்று ஒன்று விடாமல் போய், மாடிக்கு வந்திருக்கும் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் திகைத்துப்போனார். எதிரே ஒரு ஆள் வந்தால் கேட்காமல் வேறு என்ன செய்வது என்றார். பேசாமல் இருங்கள் என்றேன். அண்ணியிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன். உங்களால்தான் அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவர் அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

சொன்ன சொல்லைத் தெரு அப்படியே காப்பாற்றியது. மறுநாள் காலையில் இத்தாலி அம்மா கோயிலுக்குக் கிளம்பினார். டீக்கடைக்காரர் திரும்பி நின்று பாய்லரைத் துடைத்தார். ரேஷன் கடை வரிசை முழுக்க வானத்தைப் பார்த்தது. நான் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பியவர், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நேற்று எல்லாரும் பேசினார்கள், இன்றைக்கு என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று கேட்டார். நேற்றைய பயத்தைவிட இது அவரை அதிகமாக வருத்தியிருந்தது. எல்லாரும் கூச்சப்படுகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். எங்கள் தெருவாவது, கூச்சமாவது.

அதற்கடுத்த நாள் நான் காய்கறி வாங்க ஜெயங்கொண்டம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாடி பூட்டியிருந்தது. பக்கத்தில் எங்காவது நடந்துவிட்டு வருவார் என்று சமையலைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியது, ஆளைக் காணோம். அப்போதுதான் இத்தாலியிலிருந்து போன் வந்தது. அவருடைய மகள். அம்மாவின் போன் காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது, இருக்கும் இடம் காட்டும் புள்ளி நின்றுபோய்விட்டது, அம்மா எங்கே என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. இதோ கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் அழுவது கேட்டது. என் மகள் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, போலீசுக்குச் சொல்லிவிடுவோமா என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று தெருவுக்கு ஓடினேன். எங்கள் ஊரில் ஒரு ஆள் காணாமல் போவது லேசான காரியம் இல்லை. யாரைக் கேட்டாலும் எங்கே போனார், எப்போது வருவார், என்ன கலரில் பை வைத்திருந்தார் என்று சொல்லிவிடுவார்கள். டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். காலையில் மினி பஸ் ஏறினார் என்றார். எங்கே போவதாகச் சொன்னார் என்று கேட்டேன்.

"கேக்கலக்கா" என்றார். "நீங்கதான கேக்கக்கூடாதுன்னீங்க."

ரேஷன் கடையிலும் அதே பதில். பஸ் நிற்கும் இடத்திலும் அதே பதில். எல்லாரும் ஏதோ பரீட்சையில் பாஸான முகத்தோடு, வாயே திறக்கவில்லை என்று என்னிடமே பெருமை பேசினார்கள். நடுத்தெருவில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரே வழியை, தெருவின் வாயைக் கட்டி நானே மூடியிருந்தேன்.

கேட்காத வீடு ஒன்றுதான் பாக்கி. அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. நான் போய் நின்றேன். வாய் திறப்பதற்கே ஒரு மாமாங்கம் ஆனது.

"அண்ணி, அந்தம்மா எங்க போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கீரைக்காம்பை ஒடித்துப் போட்டார். "நான் கேக்கத்தான் செஞ்சேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்க. ஒருத்தி ஒத்தையில ரோட்டுல போறா, எங்கன்னு கேக்காம நான் என்ன கல்லா?"

இத்தாலி அம்மா ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அவர் நாட்டுக்காரப் பாதிரியார் ஒருவர் எந்தக் காலத்திலோ அங்கே வந்து தங்கித் தமிழ் படித்தாராம், அந்த இடத்தைப் பார்க்க. நல்லவேளை, அந்தக் காலத்தில் நெட்டில் புத்திமதி கிடையாது. இருந்திருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார். அண்ணி மினி பஸ் கண்டக்டருக்குப் போன் போட்டு, இத்தாலி அம்மாவை ஜெயங்கொண்டத்தில் அரியலூர் பஸ் ஏற்றிவிடச் சொல்லி, அங்கிருந்து ஏலாக்குறிச்சி பஸ் ஏற்றிவிட அந்த பஸ் கண்டக்டருக்கும் சொல்லச் சொல்லி, ஏலாக்குறிச்சியில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிக்கும் போன் போட்டு வைத்திருந்தார். இத்தனையையும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதான் பேசவில்லையே என்றார். அது நியாயம்தான்.

சிநேகிதிக்கு வீடியோ கால் போட்டோம். இத்தாலி அம்மா தரையில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து, ரசத்தை எப்படி அள்ளுவது என்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் அந்தத் தெருப் பெண்கள். போனில் சார்ஜ் போயிருந்தது, அவ்வளவுதான். அதே நிமிஷம் இத்தாலிக்கும் வீடியோ கால் போட்டு, அண்ணியின் போனை என் போன் முன்னால் பிடித்துக் காட்டினேன். அம்மாவும் மகளும் அவர்கள் பாஷையில் ஒரே சத்தமாகப் பேசினார்கள். முதலில் அழுகை, அப்புறம் திட்டு, அப்புறம் சிரிப்பு. எதுவும் புரியாவிட்டாலும் எனக்கு எல்லாமே புரிந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் இத்தாலி அம்மா பஸ்ஸில் வந்து இறங்கியபோது பாதித் தெரு அங்கே நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். கேளுங்கள் என்று தலையை ஆட்டினேன். டீக்கடைக்காரர்தான் முந்திக்கொண்டார்.

"எங்கம்மா போயிட்டு வரீங்க?"

இத்தாலி அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, ஏலாக்குறிச்சி என்றார். பிறகு ஒவ்வொருவரும் கேட்டார்கள். பதில் தெரிந்தவர்களும் கேட்டார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் பதில் சொன்னார். கைக்குட்டையில் இருந்த அதிரசத்தை அன்று ராத்திரி தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அண்ணியிடமே போய்க் கேட்டார்.

இத்தாலி அம்மா ஊர் திரும்பிய பிறகு, பொங்கலுக்கு முதல் நாள் சிமெண்ட் கம்பெனி ஆள் வந்து, கெடு முடிந்துவிட்டதே, என்ன முடிவு செய்தீர்கள் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். போலீஸ் வராவிட்டாலும் ஒரு வம்பு வந்தது வந்ததுதான், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த கரும்பை வைத்துவிட்டு மாடிச் சாவியை எடுக்கத் திரும்பினேன். அப்போது என் போனில் ஒரு செய்தி வந்தது. இத்தாலியிலிருந்து, அந்த மகள். மாசி மாதம் கோயில் பார்க்க வருகிறாளாம், ரூம் வேண்டுமாம். கடைசியில் எழுதியிருந்ததைத் தமிழாக்கி வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "நான் தனியாகத்தான் வருகிறேன். தயவுசெய்து உங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்."

அவர் தாடையைத் தடவினார். ரூம் காலியில்லைங்க என்று கம்பெனி ஆளிடம் சொன்னார்.

தெருவில் சொல்லும் பொறுப்பை அண்ணியிடம் ஒப்படைக்கலாம் என்று அடுத்த வீட்டுக்குப் போனேன். அவர் அதற்குள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருந்தார்.