நட்சத்திரக் குறி போட்ட சொல்

நாங்கள் வெளிநாட்டில் குடியேறிய பிளாட் புஷ் புறநகரில் என் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரன் எண்பதுகளில் புலமைப்பரிசில் பெற்று மாஸ்கோ போய் ஸ்லாவிய மொழியியல் படித்தவர். மகன் சஞ்சீவனிடம் வந்து இரண்டு வருடம். ஆங்கிலம் வாசிப்பார், இந்த ஊர்க்காரர் கதைத்தால் பிடிபடாது. ஒருநாள் நடக்கப் போனவர், எல்லா வீடும் ஒரே அச்சாக இருந்ததில் வழி தவறிவிட்டார். அன்றைக்கே சஞ்சீவன் வாசற்கதவுக்கு நம்பர் பூட்டுப் போட்டான். உள்ளேயிருந்து திறக்கவும் நம்பர் வேண்டும். அதை அவருக்குச் சொல்லவில்லை.

அடைபட்ட மனிதர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஆதி ஸ்லாவிய மொழியில் 'நேமு' என்றால் ஊமை. தங்கள் மொழி தெரியாத அந்நியனை அவர்கள் அதிலிருந்து 'நேமித்ஸி' என்றார்கள். பிற்பாடு ஜெர்மன்காரனுக்கே அது பெயராகிவிட்டது. நேமித்ஸி, நேமித்ஸா, நேமித்ஸு என்று வேற்றுமை வேற்றுமையாக உருப்போட்டபடி ஹாலில் நடப்பார்.

"மூளை துருப்பிடிக்கக் கூடாதெல்லே?" என்பார் என்னிடம், யன்னலுக்குள் நின்று.

சஞ்சீவனுக்கு அது புலம்பலாகக் கேட்டது. ஞாபகமறதிச் சோதனைக்கு ஏற்பாடு செய்தான். "டொக்டர் பிரச்சினை இல்லை எண்டால் நம்பர் தாறன், அப்பா."

துணைக்கு நானும் போனேன். திகதி, கிழமை, கணக்கு எல்லாம் சரியாகவே சொன்னார். பிறகு டொக்டர் அந்த முணுமுணுப்பைப் பற்றிக் கேட்டார். சஞ்சீவன்தான் மொழிபெயர்ப்பு.

"அப்பா, அந்தச் சொல்லை ஆர் கதைக்கிறது?"

ரஷ்யப் படிப்பு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த மனிதர், பொய் வராது. "ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் எழுதி வைக்கவும் இல்லை. அதாலைதான் முன்னுக்கு நட்சத்திரக் குறி போடுறது. அது நாங்களாக் கட்டின சொல்லு."

"இல்லாத பாஷையாம். தானே உருவாக்கினாராம்," என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னான். டொக்டர் எழுதிக்கொண்டார்.

இன்றிருக்கும் மொழிகளை ஒப்பிட்டு அழிந்த சொல்லை மீட்பது ஒரு படிப்பு என்று எனக்கு அவர் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறார். நான் சொல்லியிருக்கலாம். ஆங்கிலமும் தெரியும். அடுத்தவன் குடும்ப விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டு வாசலில் சஞ்சீவன் நம்பரைக் கையால் மறைத்து அழுத்தினான். கேதீஸ்வரன் உள்ளே போய்த் திரும்பினார்.

"ஒரு வேற்றுமை மிச்சம். விளி. ஆளைக் கூப்பிடுறது," என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். "நேமிச்சே!"

கதவு பூட்டிக்கொண்டது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.