பூட்டில் தொங்கிய அம்மிக்குழவி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சம். மாதர் சங்கம் போடுகிற புத்தகத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் சீவியத்தில் நடந்த ஒன்றை எழுதித் தரவேண்டும் என்று கேட்டபடியால் எழுதுகிறேன். வசனங்கள் கோணலாக வரும். சில விஷயம் மறந்துபோய்விட்டது, சிலதை இரண்டு தரம் சொல்லியிருப்பேன். குறை நினைக்க வேண்டாம். ஒருவருடைய பெயரும் போடவில்லை. போடாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து உள்துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். தொழில் தையல். சட்டை, பிளவுஸ் எனக்குச் சரிவராது. மீன்பிடிப் படகுகளின் இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊறாத தறப்பாளில் உறை தைப்பேன். உப்புக்காற்றில் அந்த இயந்திரங்கள் மூடாமல் கிடந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. கிண்ணியா, குறிஞ்சாக்கேணி ஆட்களெல்லாம் என்னிடம் வருவார்கள்.

என்னோடு இருப்பது என் தங்கச்சியின் மகள். தங்கச்சியும் புருசனும் குடாவுக்கு அங்கால், இலங்கைத்துறைப் பக்கம் சீவித்தவர்கள். சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுவதற்கு முன்னம் மேலே ஒன்று சுற்றும். ஆளில்லாத விமானம். நாங்கள் அதை வண்டு என்போம். வண்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் பின்னால் செல் வரும். அவர்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் அப்படிப் போனார்கள். பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகிற வயது. அன்றைக்கு என்னோடு கடைக்கு வந்திருந்தபடியால் தப்பினாள். பிறகு நான்தான் வளர்த்தேன். படித்தாள், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனாள், எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கொம்பனியில் வேலை எடுத்தாள்.

என்ன வேலை என்று கேட்டதற்குக் கமரா வேலை என்றாள். சந்தோசப்பட்டேன். கலியாண வீட்டுக் கமரா என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் பார்த்தால் அவள் போனில் ஒரு ட்ரோன் படம். அடிவயிற்றில் பெட்டி ஒன்று தொங்குகிறது.

"இது வண்டெல்லோ" என்றேன்.

"இல்லைப் பெரியம்மா, இது வேற."

"வாங்கப் போறது ஆர்?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "படைக்குத்தான். படையெண்டா சண்டை மட்டுமோ? வெள்ளம் வந்தாலும் அவைதானே வருகினம்" என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று தொடக்கம் எனக்கு ஒரு சந்தேகக் கண் வந்துவிட்டது. எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான். தாயையும் தகப்பனையும் கொண்டுபோன சாமானை இந்தப் பிள்ளை தன் கையால் செய்கிறாளோ?

கொம்பனி செய்வது ட்ரோன் இல்லை என்று பிள்ளை சொன்னாள். அது வெளியில் இருந்து வருகிறது. அது தூக்கிக்கொண்டு போகிற பெட்டிகளைத்தான் இவர்கள் செய்கிறார்கள். பேலோட் என்பார்கள், நான் பெட்டி என்றே சொல்லுகிறேன். ட்ரோனின் வயிற்றில் ஒரு தட்டு, அதில் இரண்டு தண்டவாளம் மாதிரி. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் அதற்குப் பொருந்துகிற நாக்கு. தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கமராப் பெட்டியைக் கழற்றி மருந்துப் பெட்டி மாட்டலாம், அதைக் கழற்றி ஒலிபெருக்கி மாட்டலாம்.

"எங்கட இடியப்ப உரல் மாதிரித்தான் பெரியம்மா. அச்சை மாத்தினா முறுக்கு."

"உரலுக்குள்ள எந்த அச்சுப் போட்டாலும் போறது மாதானே மகள்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சில பெட்டிகளுக்குக் கீழே தறப்பாளில் பை வேண்டும் என்று அவள்தான் அந்த வேலையை என்னிடம் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே என்ன போடுகிறார்கள் என்று பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. கொம்பனிப் பொறுப்பாளர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். கொழும்புத் தமிழர். சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டுக் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"ஆன்ட்டி, உங்க தையல் ரொம்ப சுத்தம். மெஷின்ல வர்றத விட நல்லா இருக்கு."

"மெஷினிலதான் தம்பி தைக்கிறனான்" என்றேன்.

அவர் முகம் சிவந்து போயிற்று. அவ்வளவு புகழ்ச்சி எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பை மருந்துக்கு. உள்ளே ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்தேன். இரண்டாவது மிதவைக்கு, வாய் அகலம். கடலில் விழுந்தவனுக்குப் போடுவதாம். அதைப் பரீட்சித்துப் பார்க்கிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துறைமுகக் கரையில் நின்றோம். ட்ரோன் எழும்பியபோது வண்டின் சத்தம் இல்லை, தேனீக்கூட்டம் மாதிரி வேறு சத்தம்.  எங்கள் ஊரில் மான்கள் தெருவிலேயே திரியும், பற்றைக்குள் நின்றவை ஓடின. எனக்கும் ஓடவேண்டும் போல் இருந்தது. மிதவை ஒரு படகுக்குப் பக்கத்தில் சரியாக விழுந்தது. படகுக்காரர் கைதட்டினார்கள். எல்லாரும் கடலைப் பார்க்க, நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். ட்ரோன் திரும்பி வந்ததும் ஒருவர் மிதவைப் பெட்டியைக் கழற்றி மருந்துப் பெட்டியை மாட்டினார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுருக்காக மாற்றியதைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அதுதான் பயம்.

மூன்றாவது பைக்கு அளவு வந்தது. ஒடுக்கம். ஸ்பொஞ்ச் வேண்டாமாம். அடி முழுவதும் ஒரே தரத்தில் திறக்க வேண்டுமாம், விளிம்பை இரட்டையாகத் தைக்க வேண்டுமாம்.

"இது என்னத்துக்கு?"

"மற்றதுகளுக்கு."

"மற்றது எண்டா?"

"மற்றது எண்டா மற்றதுதான் பெரியம்மா. வாங்கிறவை என்னவும் போடுவினம். எங்களுக்குச் சொல்லேல்லை."

தறப்பாளை வெட்டினேன். தைக்கக் கை வரவில்லை. கீழே விழுந்தாலும் பரவாயில்லை என்கிற சாமான் என்னவாக இருக்கும்? மருந்துப் போத்தலுக்கு ஸ்பொஞ்ச் வேண்டும். மிதவை தண்ணீரில் விழும். இது ஏன் இப்படி?

பை பொருந்துகிறதோ என்று பார்ப்பதற்காக அவள் ஒரு தட்டும், நாலைந்து மேலதிக நாக்குகளும் வீட்டில் வைத்திருந்தாள். ஒருநாள் அவள் வேலைக்குப் போனபிறகு நான் ஒரு வேலை செய்தேன். இந்தப் பூட்டு தன்னுடைய பெட்டியை மட்டும்தான் பிடிக்குமோ, எதையும் பிடிக்குமோ என்று எனக்குப் பார்க்க வேண்டும். முந்தி லாம்பு தொங்கவிட்ட வளைக் கொளுக்கியில் தட்டைக் கட்டினேன். அரிசிச் சாக்குத் துண்டில் ஒரு பை தைத்து, மேலே நாக்கை வைத்துத் தைத்தேன். உள்ளே அம்மிக்குழவி. மரவாங்கில் ஏறித் தூக்கித் தள்ளினேன்.

டக்.

பிடித்துக்கொண்டது. என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை.

வாங்கால் இறங்கிக் கதிரையில் இருந்து அதைப் பார்த்தேன். பிறகு கழற்றப் பார்த்தேன். ஏலவில்லை. இழுத்தேன், அழுத்தினேன், திருகினேன். மாட்டத் தெரிந்த எனக்குக் கழற்றத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் குறிஞ்சாக்கேணிப் படகுக்காரர் இயந்திர உறை எடுக்க வந்துவிட்டார். வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"என்னக்கா, சம்பலையும் பறந்து பறந்து அரைக்கப் போறீங்களோ?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சும்மா தம்பி" என்றேன்.

"ஒங்கட ஊட்டுல குண்டுக்குப் பை தைக்கிறதா கதை வருது. நான் நம்பல்ல. இப்ப பாத்தா குழவிக்கெல்லோ தைச்சிருக்கீங்க."

"ஆர் சொன்னது அப்பிடி?"

"கடையில சொல்றாங்க. உடுங்க." சிரிப்பு நின்றுவிட்டது. "என்ட தம்பி கவுந்த படகப் புடிச்சிக்கிட்டு விடிய மட்டும் கிடந்தவன். இப்ப கடலுக்கே போறல்ல. ஒரு மிதவை வந்திருந்தா அவன் இப்பவும் மனிசனா இருந்திருப்பான். ஆரு செஞ்சாலும் செய்யட்டும் அக்கா."

அவர் சொன்னதும் நியாயம். ஆனால் கடையில் கதைப்பதைச் சொன்னாரே, அதுதான் மனதில் நின்றது. ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ?

பின்னேரம் பிள்ளை வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், போனில் படமும் எடுத்தாள்.

"கரண்ட் இல்லாம அது கழலாது பெரியம்மா. பொறுங்கோ."

பையில் இருந்து ஒரு பற்றறி எடுத்து வயரைப் பிடித்தாள். கீழே தலையணை ஒன்றைப் போட்டாள். ஒரு கையை நீட்டிக் குழவியைத் தாங்கப் போனாள். அவர்கள் பரீட்சைக்குப் போடுவது மணல் பை, போடுகிற இடமும் மணல். அந்தப் பழக்கத்தில் குழவியின் பாரத்தை யோசிக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் வயர் பூட்டில் தொட்டுவிட்டது.

சத்தம் கேட்க முதலே குழவி கீழே. தலையணையின் கரையில் பட்டு உருண்டு சீமெந்து நிலத்தை அடித்தது. நிலம் வெடித்து ஒரு சில்லு தெறித்துக் குசினி வாசல் வரைக்கும் போனது. வீடு முழுக்கத் தூசி.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெடிப்புக்குப் பக்கத்தில் குந்தி இருந்தாள்.  

தானாகவே சொன்னாள். "உண்மையான பெட்டிக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்குப் பெரியம்மா. அது ட்ரோனுக்குத் தன்ர பேரைச் சொல்லும். நான் கமரா, நான் மருந்து எண்டு. பேர் தெரியாத பெட்டியை ட்ரோன் தூக்காது. இது வெறும் தட்டு, அதாலதான் குழவியைப் பிடிச்சது."

"அந்தப் பேரைக் குடுக்கிறது ஆர்?"

"நாங்கள்."

"வேற ஆக்கள் குடுக்க ஏலாதோ?"

அவள் சில்லைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏலும்" என்றாள். "வேற ஆக்கள் செய்யிற பெட்டியும் பொருந்த வேணும் எண்டுதான் இப்பிடிச் செய்யிறது. அதுதான் இதின்ர விசேஷம்."

"அப்ப மூண்டாவது பைக்குள்ள என்ன?"

"எனக்கு உண்மையாத் தெரியாது பெரியம்மா. நான் கேக்கேல்லை. கேட்டா என்ன சொல்லுவினமோ எண்டு பயம்."

அவள் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நம்பினேன். அவளை மட்டும்தான் நம்பினேன்.

அடுத்தநாள் கொம்பனிக் கந்தோரில் கேட்டிருக்கிறாள். வந்து சொன்னாள். பூட்டை மாற்றப் போகிறார்களாம். கொம்பனி தன் கையெழுத்து மாதிரிச் சிப்பில் கைச்சாத்து வைத்த பெட்டியை மட்டும்தான் அது ஏற்குமாம். ஆர் கேட்டாலும் கைச்சாத்தைக் கொடுக்க மாட்டார்களாம்.

"ஆர் சொன்னது?"

"பொறுப்பாளர் சேர்தான் சொன்னவர்."

"எழுத்தில தந்தவரோ?"

"பெரியம்மா, நீங்கள் பொலிசில சேர்ந்திருக்க வேணும்."

வேலையை விடு என்று கேட்டேன். தான் விட்டால் வேறு ஆரும் வந்து செய்வார்கள், அவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றாள். அது நியாயமோ, தப்பிக்கச் சொல்லுகிற கதையோ என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மிதவைப் பையும் மருந்துப் பையும் இப்பவும் தைத்துக் கொடுக்கிறேன். மூன்றாவது பையின் துண்டுகள் அலுமாரிக்குள் வெட்டினபடி கிடக்கின்றன. உள்ளே போவது என்னவென்று தெரிந்தால் சொல்லுவேன், அதுவரைக்கும் தைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள். பொறுப்பாளர் இரண்டு தரம் கேட்டு அனுப்பினார். எனக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வேறு ஆரிடமும் தைக்கக் கொடுத்துவிட்டார்களோ தெரியாது. அவளும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். அதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புத்தகம் போடுகிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தாவிட்டாலும் காரியமில்லை. பெட்டி, நாக்கு, சிப் என்று நான் எழுதினது பிள்ளை சொல்லி நான் விளங்கினது. மாறி எழுதியிருக்கலாம். இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் இதைக் காட்டுங்கள். முக்கியமாக, கைச்சாத்து இல்லாத பெட்டியை ட்ரோன் தூக்காது என்கிற இடம். அது சரிதானோ, வாங்கினவர்கள் பிறகு அதை மாற்ற ஏலுமோ என்று கேட்டு எனக்குச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தால் நல்லது.