காரியரில் வைத்த கால்

மன்னார்ப் பாலத்தில் இப்போது ஸ்கூட்டியில் பறக்கிற பெட்டைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இடப்பக்கத்தால் அடிக்கும் காற்றுக்குச் சைக்கிளைச் சரித்துப் பிடித்தால்தான் அது நேராகப் போகும். வாய்க்குள் உப்பு, கண்ணுக்குள் மண். அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தால் இப்பவும் வாங்கிக்கொள்வேன்.

நாங்கள் வங்காலைக்குத் திரும்பி வந்து இரண்டாம் வருடம் அது. மீளக் குடியேறிய வீடுகளில் படிக்கிற பெட்டைகளுக்கு நீலச் சைக்கிள் கொடுத்தார்கள். எனக்கு உயர்தர ரியூஷன் மன்னார் டவுனில். "உன்னைப் பற்றி ஒரு கதை என்ரை காதிலை விழுந்தாலும் சைக்கிளைப் பூட்டிப்போடுவன்" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டா. சைக்கிள் இல்லாவிட்டால் ரியூஷன் இல்லை, ரியூஷன் இல்லாவிட்டால் கம்பஸ் படிப்பு இல்லை. ரோட்டில் கேட்ட எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

காற்றுக்கு மிதிக்க ஏலாதவர்களை மோட்டார் சைக்கிள்காரர் தள்ளிவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். பக்கத்தில் வந்து, கேட்டுவிட்டு, சைக்கிளின் பின் காரியரில் ஒரு காலை வைத்துத் தள்ளுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒருத்தன் கேட்காமலே காலை வைத்தான். வைத்த பிறகுதான், "தள்ளிவிடட்டோ ராசாத்தி?" அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் கடலுக்குள்தான் போகவேண்டும். அந்தக் கிழமைக்குள்ளேயே மூன்றாம் தரம் வந்தபோது கால் காரியரில் இருந்தது, கை என் முதுகில்.

பாலத்தின் டவுன் பக்க முடிவில் ஆமியின் சோதனைச் சாவடி. அங்கே எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வாகனத்தை உருட்டிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அவனும் இறங்கினான். என்ஜின் இல்லாமல் பார்த்தால் என்னைவிடக் கட்டை.

"ரோட்டிலை என்ன சொன்னனீர்? இப்ப சொல்லும்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"என்ன? நான் உதவிதானே செய்தனான்."

"முதுகிலை கை வைச்சோ உதவி?"

வரிசை திரும்பிப் பார்த்தது. அட்டை பார்த்துக்கொண்டிருந்த ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில், "என்ன பிரச்சினை?" என்று கேட்டான். என்னைத் தள்ளினவனின் முகம் வெளுத்துப் போனது. அந்த வருடங்களில் எங்கட பெடியன் ஒருத்தனை அவர்களிடம் காட்டிக் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. விசாரணைக்கு அம்மாவையும் கூப்பிடுவார்கள்.

"ஒண்டுமில்லை. காத்து" என்றேன்.

ஆமிக்காரன் அடுத்த அட்டைக்குப் போனான். எனக்குப் பின்னால் மீன் கூடையோடு நின்ற அக்கா விடவில்லை. "தம்பி, அவளுக்கு வேண்டாமாம். என்ரை கூடை நல்ல பாரம், என்னை ஒருக்காத் தள்ளிவிடுமன்."

"முதுகிலை கை வைக்காமல்" என்றா இன்னொரு அக்கா. வரிசையே சிரித்தது. ஓடவும் வழியில்லை, வரிசை நகர்ந்தால்தானே நகரலாம்.

வீரமாகத்தான் இருந்தது. ஆனால் சாவடி தாண்டிய பிறகும் நான் சைக்கிளில் ஏறவில்லை. உப்புக்குளம் வரை உருட்டிக்கொண்டே போனேன்.

கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா சொன்னபடி பூட்டிப்போட்டா. "பஸ்ஸிலை போ. அது பாதுகாப்பு."

நான்கு நாள் பஸ்ஸில் போனேன். ஐந்தாம் நாள் சோறு போடும்போது சொன்னேன்: "அம்மா, பாலத்திலை ஒரு கைதான். பஸ்ஸிலை எத்தனை எண்டு எண்ண ஏலாது."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அவவும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வாறவ. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னா.

விடிய எழும்பிப் பார்த்தால் சைக்கிள் பூட்டில்லாமல் முற்றத்தில் நின்றது. "ஆரும் கேட்டால் அம்மாக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றா.

பாலத்தில் ஏறினேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தேன். அது விலகிக் கடந்து போனது; அவனா, வேறு யாராவதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றுக்குச் சரித்துப் பிடித்துக்கொண்டு மிதித்தேன்.