விளிம்புக்கு ஒரு சாண்

என் கல்யாணத்தன்று, சொந்தபந்தம் அத்தனையும் பார்த்திருக்க, என்னைப் பரிசலிலிருந்து இறக்கிவிட்டார் ஒரு மனுஷர். அவரை அன்று வாய்க்கு வந்தபடி வைதேன். இன்று அவர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் எடப்பாடிப் பக்கம் தறிக்காரக் குடும்பம். பெண் ஊர் காவிரிக்கு அக்கரை. மேட்டூரில் அணை கட்டி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆவணி மாதம், திறந்துவிட்ட தண்ணீர் இரு கரையும் முட்டி ஓடியது. வண்டி தாமதமாகி, முந்தின நாள் பொழுது சாய்ந்துதான் துறைக்கு வந்தோம். விளக்கு வைத்த பிறகு அங்கே பரிசல் விடமாட்டார்கள். கல்யாண வீட்டார் என்று கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் துறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு குடிசைக்காரர்களும் ஆளுக்கு ஒரு சட்டியாகக் கம்பஞ்சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நதி நிறுத்திவைத்த விருந்தாளிக்குச் சோறு போடுவது துறையின் கடமையாம்.

விடிந்ததும் பரிசல்காரர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான ஆள். கவிழ்த்துக் காயப்போட்டிருந்த பரிசலை நிமிர்த்தி, மாட்டுத்தோலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

"செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கோங்க. ஆணி பட்டாத் தோலு கிழிஞ்சிருமுங்க" என்றார். கனத்த ஆட்களை எதிரெதிரே உட்காரவைத்தார். தாலித் தட்டோடு அம்மா, கூறைப்புடவையோடு அக்கா, பெருத்த தொந்தியோடு மாமா என்று வரிசையாக ஏறினார்கள். அங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு தப்புச் செய்தார்கள். மாப்பிள்ளை நல்ல நேரம் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும் என்று என்னைக் கரையில் நிறுத்தி, கடைசியாக ஏற்றினார்கள்.

நான் உட்கார்ந்ததும் பரிசல்காரர் வெளிப்பக்கம் கையை வைத்தார். கட்டைவிரல் விளிம்பில், சுண்டுவிரலைத் தண்ணீரை நோக்கி நீட்டினார். ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும், இரண்டு விரற்கடை குறைந்தது.

"கடைசியா ஏறுன சாமி இறங்கிக்கோணுமுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாப்பிள்ளை நான் இறங்குவதா? மாமாவைக் காட்டி, "அவரை இறக்குங்க, ரெண்டு சாண் மிச்சமாகும்" என்றேன். மாமாவும் பெருந்தன்மையாக எழுந்தார். பரிசல் ஒரே சாய்வாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து கூறைப்புடவையின் ஓரத்தை நனைத்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். பரிசல்காரர் மாமாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தார். கடைசியாக ஏறியவன் கரையை ஒட்டி இருப்பான், அவன் இறங்கினால் வேறு யாரும் அசைய வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் அருமை பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போது இறங்கி நின்று அவருடைய குலத்தையே இழுத்து வைதேன்.

"எத்தன வேணும்னாலும் வைங்க சாமி. கரையில நின்னு வைங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

தாலி போய்விட்டது, மாப்பிள்ளை கரையில். "நீங்க இல்லாமயே முடிச்சிருவாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் ஒரு மோர்க்காரி. சிரித்தாளே தவிர உட்காரவில்லை. சுற்றிப் பார்த்தேன், துறையில் ஒருவரும் உட்காரவில்லை. ஆற்றில் பரிசல் இருக்கும்வரை, அது அக்கரை சேர்ந்து அங்கிருந்து யாராவது துண்டை வீசிக் காட்டும்வரை, அந்தத் துறையில் எல்லாரும் நிற்பார்களாம்.

நடு ஆற்றில் ஒரு சுழி பரிசலைப் பிடித்துச் சுற்றியது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஏறியது கரையிலிருந்தே தெரிந்தது. நான் இறங்கியதால் மிச்சமான அந்த இரண்டு விரற்கடைதான் என் அம்மாவைக் காப்பாற்றியது. அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

வெகுதூரம் கீழே தள்ளிப்போய்க் கரை சேர்ந்தார்கள். துண்டு அசைந்தது. அவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்தக் கரையோடு மேலே நடந்து, அங்கிருந்து மிதந்து எங்கள் துறைக்குத் திரும்பிவர முகூர்த்தமே தாண்டிவிட்டது. "மாப்பிள்ளை சாமி, இப்ப மொதல்ல நீங்க ஏறுங்க" என்றார். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஒரே சச்சரவு. நேரம் தப்பியதற்கு அல்ல. புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இன்னொரு நேரம் எடுத்துவிட்டார், அது அவருக்குக் கைவந்த கலை. பெண் மணவறையில் உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்ததுதான் சச்சரவு. பிடிவாதக்காரி என்று என் அக்காவே முணுமுணுத்தாள். நான் பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

ஏன் நின்றாய் என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"நீங்க ஆத்துல இருக்கறப்ப எப்பிடிங்க உக்காருவேன்? எங்கப்பன் சந்தைக்குப் போன அன்னிக்கு, நான் ஊட்டுல உக்காந்து சோளம் தின்னுட்டிருந்தேனுங்க."

அவளுக்கு அப்பா இல்லை என்று தெரியும். எப்படிப் போனார் என்று நாங்கள் கேட்டதில்லை. சந்தை நாளில் ஆள் அதிகம் ஏறிக் கவிழ்ந்த பரிசலில் அவரும் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் துறையில் அந்தச் சாண் கணக்கு வந்ததாம்.

பரிசல்காரரை நான் வைததை அவளிடம் சொன்னேன்.

"அன்னிக்கும் அவருதானுங்க துடுப்புப் போட்டாரு" என்றாள். "நீங்க எந்த ஊட்டுக்கு வாரீங்கன்னு அவருக்குத் தெரியுமுங்க."