முட்டை வண்டிக்கு எவ்வளவு காற்று

எங்கள் நாமக்கல் பக்கத்து டிரைவர்களிடம் வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் லிட்டருக்குப் பன்னிரண்டு என்று ஆரம்பிப்பார், பக்கத்தில் இருப்பவர் பதின்மூன்று என்பார், டீ ஆறுவதற்குள் எல்லா வண்டியும் தண்ணீரிலேயே ஓட ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் ஓட்டிய காலத்தில் எங்கள் பெரிய பிக்கப்புக்கு அவர் சொன்ன கணக்கு பதினாலு. குடும்பம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு முதுகுத் தண்டில் தட்டு விலகியது. டாக்டர் பலகைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டார், ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார். எனக்கு லைசென்ஸ் இருந்தது. அவரே வம்படியாகக் கற்றுக்கொடுத்து எடுக்க வைத்தது. மறு வாரமே நான் வண்டியை எடுத்தேன். பண்ணையில் முட்டை ஏற்றி, ராசிபுரம், ஆட்டையாம்பட்டிக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டு, சேலம் அம்மாபேட்டையில் மீதியை இறக்கிவிட்டு வருவேன். அம்மாபேட்டைச் சந்துகளில் இந்த நீள வண்டியைத் திருப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. திருப்பினேன். எதிரில் வந்த ஆட்டோக்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும்.

அந்தப் பண்ணை என் மச்சாண்டாருடையது, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுடையது. வண்டி வாங்கும் முன்பு நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் வேலை செய்தோம். கூண்டு கூண்டாகக் குனிந்து முட்டை பொறுக்குவேன். எருவின் நெடி தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் இறங்காது. சொந்த அண்ணன்தானே என்று அவர் குரலை உயர்த்திப் பேசுவதையும் வாங்கிக்கொண்டோம். பிக்கப் வந்த பிறகுதான் நிமிர்ந்து நின்றேன். அந்த நிமிர்வுக்கே உலை வைக்கிற மாதிரி மச்சாண்டார் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"ஏனம்மிணி, தம்பி ஓட்டறப்ப பதினாலு குடுத்த வண்டி, நீ ஓட்டுனா ஒம்போதுகூட வரலையாமா? டீசல நெம்பக் குடிக்குது. வித்துப்போடலாம். ஆத்தூர்ல ஒருத்தரு கேக்கறாரு. நீ பழையபடி பண்ணைக்கு வந்துரு. முட்டை பொறுக்க ஆளே கெடைக்கறதில்ல."

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் அவர் என்றைக்கு வாய் திறந்தார்!

"மைலேஜ் வந்துட்டா விக்கமாட்டீங்கதானுங்க?" என்றேன்.

"வந்தா எதுக்கும்மிணி விக்கறோம்?" என்று சிரித்தார். வராது என்ற நிச்சயம் அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது. வீம்பு பிடித்துக்கொண்டேன்.

முதலில் டயரைப் பார்த்தேன். எங்கள் ஊர் முட்டை வண்டிக்காரர்களுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. காற்றைக் குறைத்து வைத்தால் வண்டி மெத்து மெத்தென்று போகும், முட்டை உடையாது. வீட்டுக்காரரும் அப்படித்தான் வைத்திருந்தார். நாலு டயரும் சாப்பிட்டுவிட்டுச் சரிந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி தொந்தி பிதுங்கி நின்றன. அமுங்கிய டயரை இழுக்க இஞ்சினுக்குக் கூடுதல் டீசல் வேண்டாமா? காற்றில்லாத சைக்கிளை மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரைவர் கதவோரத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கம்பெனிக்காரனே அச்சடித்து ஒட்டியிருந்தான். இத்தனை வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடிய யாரும் அதைப் படித்ததில்லை.

பஞ்சர் கடைக்காரர் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க மாட்டேன் என்றார்.

"முட்ட வண்டிங்க இது. இத்தன காத்து புடிச்சா ஆட்டையாம்பட்டி போறதுக்குள்ள ஆம்லெட்டு ஆயிருமுங்க."

"ஆனா நானே தின்னுக்கறனுங்க. நீங்க புடிங்க."

பயம் இல்லாமலா இருந்தது? இருந்தது. வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை சும்மா கிடந்தது, வீட்டுக்காரர்தான் பலகைக்குப் போய்விட்டாரே. அதைப் பிரித்து வண்டித் தளத்தில் பரப்பி, மேலே சாக்கு விரித்து, முட்டை அட்டைகளை அதன் மேல் அடுக்கினேன். கட்டிலில் இருந்தவர், "என் மெத்தைடி அது!" என்று கத்தினார். "உங்களுக்கு முதுகு, முட்டைக்கு ஓடு. ரெண்டுல எது சீக்கிரம் உடையும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வேகத்தடைகளில் நடக்கிற வேகத்தில் ஏறி இறங்கினேன். அம்மாபேட்டைக் கடைக்காரர் மேலட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒடசல் கம்மியா இருக்குதே" என்றார். எனக்கு அந்தச் சந்திலேயே குலவை போடலாம் போல இருந்தது.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவதையும் விட்டேன். நூட்டல் போட்டால் டீசல் மிச்சம் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. இந்தக் காலத்து வண்டியில் கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இஞ்சினுக்கு டீசல் போவதில்லை, நூட்டலில்தான் அது அணையாமல் இருக்கக் குடிக்கும் என்று சர்வீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கியரில் இருந்தால்தான் வண்டியும் கைக்குள் இருக்கும். பண்ணையில் ஏற்றும்போதும் கடையில் இறக்கும்போதும் இஞ்சினை அணைத்தேன். ராசிபுரம் ரோட்டில் பஸ்காரர்கள் பின்னால் வந்து ஹாரனால் காதைக் கிழித்தார்கள். "உங்க அவசரம் உங்களோட, என் டீசல் என்னோட" என்று கண்ணாடிக்குள்ளேயே திட்டிவிட்டு ஒரே சீராகப் போனேன்.

அப்புறம் மிச்சமிருந்தது குலசாமி. கேபினுக்கு மேலே ஆளுயரத்துக்கு ஒரு தகரப் பலகை, அதில் குலசாமி பெயர், இரண்டு பக்கமும் சிங்கம், சுற்றி இரும்பு வளைவு. மச்சாண்டார் ஆசையாகச் செய்து மாட்டியது. ஹைவேயில் எதிர்க்காற்று அடித்தால் அந்தப் பலகை வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது ஸ்டியரிங்கிலேயே தெரியும். பட்டறைக்குப் போய்க் கழற்றினேன். சின்னதாக ஒரு சாமி படம் வாங்கி உள்ளே கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பூப் போட்டேன்.

சேதி போய் மச்சாண்டார் வேகமாக வந்தார். "சாமியவே எறக்கிப்போட்டியா? உனக்கு என்ன தைரியம்!"

"வெயில்லயும் மழையிலயும் கூரை மேல நின்னுக்கிட்டு வந்துதுங்க. இப்ப உள்ள என் பக்கத்துல உக்காந்து வருது. சாமி ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்களுக்குத்தான் கோவம்."

அவர் முகம் கறுத்தது. "சரி, நாளைக்கு நானே கூட வாரேன். டேங்க் ரொப்பிட்டுப் போயிட்டு வந்து மறுக்கா ரொப்பிப் பாப்போம். பதினாலு வரல, அன்னைக்கே ஆத்தூர்க்காரருக்குப் போன் போட்டுருவேன்."

மறுநாள் டேங்கின் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமில்லை. "வெசயாப் போ", "அவன முந்து", "நூட்டல் போடு, நூட்டல் போடு!" இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் கால்தான் வலித்திருக்கும். எனக்கு வாய் இருந்தது, ஆனால் கவனம் முழுக்கப் பாதத்தில் இருந்தது. திரும்பி வந்து அதே பெட்ரோல் பங்கில், அதே கழுத்து வரைக்கும் நிரப்பினார்கள். மச்சாண்டாரே செல்போனில் வகுத்துப் பார்த்தார். பன்னிரண்டரை.

ஒன்பதில் இருந்து பன்னிரண்டரை! இருந்தும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. காற்று, மெத்தை, சாமி, பஸ்காரர்களிடம் வாங்கிய ஏச்சு, அத்தனையும் சேர்த்தும் பதினாலு வரவில்லை. மனசுக்குள் எரு நெடி அடித்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே மச்சாண்டார் போனைக் கையில் எடுத்துவிட்டார். "பாத்தியாடா தம்பி? பன்னெண்டரைதான். உனக்குப் பதினாலு குடுத்த வண்டிய இந்தப் புள்ள..."

"பதினாலு எனக்கு என்னைக்கும் வந்ததில்லீங்கண்ணா."

கட்டிலில் இருந்து வந்த குரல். முதலில் எனக்கே புரியவில்லை.

"அப்ப எத்தன?" என்றார் மச்சாண்டார்.

"பத்து. காலி வண்டியில வந்தா பத்தரை. டீக்கடையில எல்லாரும் பன்னெண்டு பதிமூணுங்கறாங்க, நான் மட்டும் பத்துன்னு சொல்லீட்டு எந்திரிச்சு வரச் சொல்றீங்களா?" அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினார், அதுவும் எழுந்து உட்கார்ந்து. முதுகு வலியில் உதடு கோணியது. "இவ ஓட்டறதுதான் மைலேஜ். வண்டி நிக்கட்டும்."

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். இந்த வீட்டில் அந்தக் கேட்கிறவள் நான்தான். ஒரு டீக்கடைப் பொய்யைத் துரத்திக்கொண்டு ராசிபுரம் ரோடு முழுக்கப் பல்லைக் கடித்துப் போயிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகைக் கட்டிலையும் பிடுங்கி வண்டியில் போட்டிருப்பேன். ஆனால் அண்ணன் எதிரில் அவர் வாய் திறந்த முதல் நாள் அது. அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பார்த்தும் கொண்டேன், அது வேறு கதை.

மச்சாண்டார் போனைச் சட்டைப் பையில் போட்டார். வாசல் வரைக்கும் போய்விட்டு நின்றார். பழக்கம் விடுமா?

"அப்ப நாளைக்குக் காலைல பண்ணைக்கு வரமாட்டேங்கற?"

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன்.

"வாரேனுங்க. லோடு ஏத்த வாரேன். ஆளுங்கள முட்டையப் பொறுக்கி வெக்கச் சொல்லுங்க."